கன்று போட்டு 12 நாள், தவிட்டைத் தொடாமல் வைக்கோல் மட்டும் தின்கிற மாடு

வட்டக்கச்சிக் கொட்டில் | முதல் நாள், விடிய 5.50

அண்ணாமார், அக்காமார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் சிவப்பி ஜேர்சிக் கலப்பு, இது மூன்றாம் கன்று, போட்டு இன்றைக்கு 12 நாள். முதல் ஒரு கிழமையும் இரண்டு நேரமும் சேர்த்து 14 லீற்றர் கறந்தோம். எட்டாம் நாளிலிருந்து வாளியைக் கொண்டுபோய் வைத்தால் மூக்கை விட்டு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். தவிடு, புண்ணாக்கு ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் கிடக்கிற வைக்கோலை மட்டும் இழுத்துச் சப்புகிறாள். நேற்று 7 லீற்றர்தான். சாணம் இறுகி, மேலே பூசிய மாதிரி மினுங்குகிறது. இடது விலாவுக்குப் பின்னால் குழி விழுந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் மாதிரித் தெரியவில்லை, காதும் குளிரவில்லை.

இதில் எனக்கு விளங்காத ஒன்று, பால் சேகரிக்கிற இடத்தில் கொழுப்பு 4.2 இருந்தது போன கிழமை 5.6 காட்டியது. நல்ல தீன் போடுகிறீர்கள் என்று சொன்னார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

நெடுங்கேணிப் பட்டி | முதல் நாள், 6.25

பிள்ளை, இது வயிற்று மந்தம். இஞ்சி, மிளகு, உள்ளி, ஓமம் இடித்து உருண்டையாகக் கொடு. ஒரு கிலோ பனங்கட்டியைக் கரைத்து மூங்கில் குழாயால் பருக்கு. அப்பர் காலத்திலிருந்து செய்கிறோம், இரண்டு நாளில் அசைபோடும்.

மாட்டுமருந்து | முதல் நாள், 7.05

நான் மிருக வைத்தியர், வன்னியில் பல வருடம் வேலை செய்தவன். தங்கச்சி, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தீர்களா? கைக்குத் தெரிவது போதாது. சாதாரணமாக 101, 102 பாகை இருக்கும், 103 தாண்டினால் உண்ணிக் காய்ச்சல், கருப்பை அழற்சி, மடிவீக்கம் என்று வேறு திசையில் போகவேண்டும். சிறுநீர் சிவந்து போகிறதா? இளங்கொடி எப்போது விழுந்தது? போன ஈற்றுக்குப் பிறகு எத்தனை மாதம் பால் வற்றி நின்றாள், அந்த நேரம் என்ன தின்றாள்? முதுகெலும்பைத் தடவினால் முள் முள்ளாகத் தெரிந்ததா, மூடிக் கிடந்ததா? நாய், நரி ஏதாவது கடித்ததா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. தின்னாமல், வாயால் நீர் வடித்து, குணம் மாறி நிற்கிற மாடு சிலவேளை விசர்நாய்க்கடி நோயாகவும் இருக்கும். அந்தச் சந்தேகம் தீரும் வரைக்கும் யாரும் வாய்க்குள் கை விடாதீர்கள். உருண்டை கொடுப்பதும் வேண்டாம்.

வட்டக்கச்சிக் கொட்டில் | முதல் நாள், 8.40

டொக்டர், வெப்பமானி வைத்தோம், 101.4. சிறுநீர் சாதாரண நிறம். கடி ஒன்றும் இல்லை, கொட்டிலை விட்டு வெளியே போகாத மாடு. கொடி அடுத்த நாள் மத்தியானம்தான் விழுந்தது, கன்று போட்டு 16 மணித்தியாலம் இருக்கும். இவர் சாக்கில் கட்டி ஆலமரத்தில் போட்டார்.

வற்றி நின்ற காலம்தான் பிழை போல. 3 தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, நாலாம் தடவைதான் நின்றது. அதனால் பால் எப்போதோ நின்றுபோய், 5 மாதத்துக்கு மேல் சும்மா நின்றாள். வயிற்றில் கன்று இருக்கிறதே, பலமாக இருக்கட்டும் என்று அரிசித் தவிடும் குறுணலுமாக ஒரு நாளைக்கு 4 கிலோ வைத்தோம். ஈனுகிற நேரம் முதுகு பலகை மாதிரி இருந்தது. வால் அடியில் இரண்டு பக்கமும் கொழுப்பு உருண்டு நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்ல மாடு என்றார்கள்.

இன்னொன்று, கிட்டப் போனால் மூச்சில் ஒரு இனிப்பு மணம். என் மகள் கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணி மணக்கிறது என்கிறாள். இவருக்கு ஒன்றும் மணக்கவில்லையாம்.

மாட்டுமருந்து | முதல் நாள், 9.15

மகளுக்கு மணப்பது சரி. அது அசற்றோன். எல்லா மூக்குக்கும் அது பிடிபடாது, எனக்கும் கிட்டப்போய் நின்றால்தான் தெரியும். நீங்கள் சொன்ன எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது கீற்றோசிஸ். தின்கிறதில் கிடைக்கிற சக்தி பாலுக்குப் போதாமல், உடம்புக் கொழுப்பு கரைந்து, கீற்றோன் என்கிற பொருட்கள் இரத்தத்தில் ஏறுகிற நோய். அசற்றோனும் அதில் ஒன்று. இன்றைக்கே உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள், பொழுதுபடும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இடது விலாவில் விரலால் சுண்டி, குழாய் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். தகரத்தில் தட்டிய மாதிரிச் சத்தம் வந்தால் நாலாம் இரைப்பை இடம் மாறியிருக்கிறது. கருப்பையையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் கொடி 12 மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறது. உள்ளே அழற்சி இருந்தால் அதனாலேயே தீன் குறைந்து கீற்றோன் ஏறும்.

நகரத்து மருந்துக்கடையில் நீரிழிவுக்காரர் பாவிக்கிற சிறுநீர்க் கீற்றோன் துண்டு கிடைக்கும். பசுவின் சிறுநீர்த் துவாரத்துக்குக் கீழே உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சிறுநீர் விடும். துண்டு கடும் ஊதாவாக மாறினால் சந்தேகம் இல்லை. லேசான நிறத்துக்குப் பதற வேண்டாம், கன்று போட்ட மாடு பலதுக்கும் கொஞ்சம் வரும்.

துணுக்காய்க் கறவை | முதல் நாள், 10.30

டொக்டர், எனக்கு ஒன்று விளங்கவில்லை. இவ்வளவு கொழுத்த மாட்டுக்குச் சக்தி போதவில்லை என்றால் எப்படி? உடம்பில் சேமிப்பு இருக்கிறதே. கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கட்டும்.

மாட்டுமருந்து | முதல் நாள், மத்தியானம் 1.10

தம்பி கேட்டதுதான் இந்த நோயின் முழுக் கதை. கொஞ்சம் நீட்டிச் சொல்லுகிறேன்.

பாலில் உள்ள சீனி லக்டோஸ். அதை மடி குளுக்கோஸிலிருந்துதான் செய்யும். ஒரு லீற்றர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் போகிறது. 14 லீற்றர் என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ. நாங்கள் சோறு தின்றால் குளுக்கோஸ் குடலில் இருந்தே இரத்தத்துக்கு வந்துவிடும். மாட்டுக்கு அப்படி இல்லை. அது தின்கிற தவிடு, புல், சீனி எல்லாவற்றையும் பெரிய இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து அமிலங்களாக்கி விடும். அசற்றிக், புரப்பியோனிக், பியூற்றிரிக் என்று மூன்று முக்கியமானவை. இதில் புரப்பியோனிக் அமிலத்தை எடுத்து ஈரல்தான் குளுக்கோஸ் செய்யவேண்டும். அதனால் தீன் குறைந்தால் குளுக்கோஸும் குறையும். மாட்டின் இரத்தத்தில் சீனி சாதாரணமாகவே 50, 60 தான் இருக்கும், எங்களுக்கு 90 இருக்கிற இடத்தில். அதுவும் இன்னும் இறங்கும்.

கன்று போடுவதற்கு முந்திய கடைசி நாட்களில் தீன் தானாகவே குறையும், மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். பால் 5, 6 கிழமையில் உச்சத்துக்கு வந்துவிடும். தீன் உச்சத்துக்கு வர 10, 12 கிழமை எடுக்கும். இடையில் உள்ள கிழமைகளில் எந்த நல்ல கறவையும் உடம்பைக் கரைத்துத்தான் கறக்கிறது. இன்சுலின் இறங்குகிறது, கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்களாக இரத்தத்தில் கலக்கிறது. தசை அதை எரிக்கும், மடி அதில் ஒரு பங்கை எடுத்துப் பால் கொழுப்பாக்கும். தங்கச்சி, உங்கள் 5.6 அங்கிருந்து வந்தது. அது சிவப்பியின் முதுகுக் கொழுப்பு.

மிச்சம் ஈரலுக்குப் போகிறது. கொழுப்பமிலத்திலிருந்து குளுக்கோஸ் செய்ய உடம்புக்கு வழி இல்லை. எரிக்கலாம், அதற்கும் சீனி செய்கிற அதே பாதையில் இருந்து ஒரு துணைப்பொருள் வேண்டும், அது மடிக்காக இழுபட்டுப் போய்விட்டது. வெளியே அனுப்பலாம், ஆனால் அசைபோடுகிற விலங்குகளின் ஈரலுக்குக் கொழுப்பைக் கட்டி வெளியே அனுப்புகிற வேகம் மிகக் குறைவு. மாரியில் குளத்துக்கு வெள்ளம் வருகிறது, துருசோ சின்னது, அப்போது என்ன நடக்கும்? தண்ணி குளத்தில் தேங்கும், பிறகு வான் பாயும். ஈரலில் தேங்குகிற கொழுப்புத்தான் கொழுப்பு ஈரல், வான் பாய்வது கீற்றோன். கொழுத்த மாட்டில் வெள்ளம் பெரிது. கீற்றோன் ஏறினால் தீன் இன்னும் வெறுக்கும், தீன் வெறுத்தால் இன்னும் கொழுப்பு கரையும்.

இப்படிச் செத்த ஒரு மாட்டை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஈரல் செம்மண் நிறத்தில் இருக்கவேண்டியது, வெளுத்த மஞ்சளாக வீங்கிக் கிடந்தது. ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணிக்குள் போட்டேன், மிதந்தது. கத்தியில் நெய் பிடித்திருந்தது. அந்த வீட்டுக்காரர் மாட்டைப் பிள்ளை மாதிரித்தான் வளர்த்தார். தீனில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நெடுங்கேணிப் பட்டி | முதல் நாள், 2.00

டொக்டர் தம்பி, கோபிக்க வேண்டாம். எங்கள் பட்டியில் 60 ஊர் மாடு நின்ற காலத்தில் இந்தப் பெயரே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அறுவடை முடிந்து தாளடிக்கு விட்டால் கொழுத்து வரும், கன்று போடும், அடுத்த நாளே காட்டுக்குப் போகும். சினை மாட்டுக்கு நன்றாகத் தின்னக் கொடுக்காதே என்று சொல்வது எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாட்டுமருந்து | முதல் நாள், 2.35

ஐயா, கோபம் என்ன. உங்கள் ஊர் மாடு ஒன்று, இரண்டு லீற்றர் கறந்தது, அதையும் கன்றுக்கு விட்டுத்தான் கறந்தீர்கள். அதற்குத் தேவைப்பட்ட குளுக்கோஸ் 150 கிராம் வரும், காட்டுப் புல்லே போதும். சிவப்பிக்கு 1 கிலோ வேண்டும். கலப்பு மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டு ஊர் மாட்டின் கணக்கில் வளர்த்தால் அது தாங்காது. நன்றாகத் தின்னக் கொடுக்கவேண்டும், அதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். பால் இருக்கிற காலத்தில் கொடுங்கள், ஈன்ற பிறகு கொடுங்கள். வற்றி நிற்கிற காலத்தில் தவிட்டைக் கொட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பனங்கட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய இரைப்பைக்குள் போகிற சீனி சீனியாக வெளியே வராது, புளித்துப் போகும், அதில் ஒரு பங்கு பியூற்றிரிக் அமிலமாகும், அது கீற்றோனாக மாறக்கூடியது. இரைப்பை வெறுமையாக இருக்கும்போது ஒரு கிலோ ஒரேயடியாகப் போனால் புளிப்பு ஏறி இன்னும் படுத்துவிடும். மாட்டின் தலையை அண்ணாந்து பிடித்துக் குழாயால் ஊற்றுவதும் ஆபத்து, நுரையீரலுக்குள் போனால் அந்த மாட்டை மீட்பது கடினம். மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது, ஒரு மிடறு விழுங்கின பிறகு அடுத்தது.

உருத்திரபுரம் பால் | முதல் நாள், 4.20

நான் பால் சேர்க்கிறவன், கொழுப்பு அளந்து எழுதுகிறவன். இவ்வளவு நாளும் ஒருவருக்குத் திடீரென்று கொழுப்பு ஏறினால் நல்லது என்றே சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு இதை வாசித்த பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். போன வருடம் ஒரு வீட்டில் கன்று போட்ட இரண்டாம் கிழமை அளவு பாதியாகி, கொழுப்பு 6க்கு ஏறியிருக்கிறது. அடுத்த மாதம் அந்த வீட்டில் இருந்து பால் வரவில்லை. மாடு இறைச்சிக்குப் போனது என்று கேள்வி. இனி கன்று போட்ட மாட்டில் அளவு இறங்கிக் கொழுப்பு ஏறினால் நான் வாய் திறந்து சொல்லுவேன்.

வட்டக்கச்சிக் கொட்டில் | இரண்டாம் நாள், இரவு 8.15

எங்கள் பகுதி டொக்டர் வந்தார். கீற்றோன் மீற்றரில் ஒரு சொட்டு இரத்தம் வைத்துப் பார்த்தார், 3.4 காட்டியது. 1.2க்கு மேல் போனாலே கவனிக்கவேண்டும், 3 தாண்டினால் மாடு தானே காட்டிக்கொடுக்கும் என்றார். இரைப்பை இடம் மாறவில்லை. கருப்பையில் கொஞ்சம் அழுக்கு இருந்தது, அதற்கு மருந்து போட்டார், அந்தப் பாலை அவர் சொன்ன நாள் வரைக்கும் விற்கக் கூடாது, குடிக்கவும் கூடாது. குளுக்கோஸ் 50 சதவீதம், 500 மில்லி, கழுத்து நரம்பில் மெல்ல ஏற்றினார். ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் கண் தெளிந்து கன்றைப் பார்த்துக் கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் இன்றைக்குப் பொழுதுபடத் திரும்பவும் சோர்ந்து நிற்கிறாள். புரொப்பிலீன் கிளைக்கோல் போத்தல் தந்திருக்கிறார், நாளுக்கு 300 மில்லி, 5 நாள்.

மாட்டுமருந்து | இரண்டாம் நாள், 9.00

சோர்ந்தால் பயப்பட வேண்டாம். நரம்பில் ஏற்றின குளுக்கோஸ் இரண்டு மணித்தியாலம் போல நிற்கும், அவ்வளவுதான். அது கதவைத் திறந்துவிட, வேலை செய்வது அந்தப் போத்தல். அதில் ஒரு பங்கு இரைப்பையில் புரப்பியோனிக் ஆகும், மிச்சம் நேரே ஈரலுக்குப் போய்க் குளுக்கோஸ் ஆகும். தின்னத் தொடங்கினாள் என்று மூன்றாம் நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் இது முக்கியம். வாகன ரேடியேற்றருக்கு ஊற்றுகிற திரவம் எதிலீன் கிளைக்கோல், பெயர் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் அது நஞ்சு, சிறுநீரகத்தை அழித்துவிடும். மருந்து என்று தந்ததைத் தவிர வேறு ஒன்றையும் பருக்காதீர்கள்.

தீனுக்கு, முதலில் பச்சை. வரம்புப் புல், சீஓ-3 என்கிற தீவனப் புல், சீமைக்கிளுவை இலை, இப்பில் இப்பில் கொஞ்சம். தவிடு வாளி நிறைய வைக்காமல் ஒரு சுண்டு, இரண்டு சுண்டாக நாலைந்து தடவை, பழையதைக் கழுவிவிட்டு. எண்ணெய்ப் புண்ணாக்கைக் கூட்டினால் சக்தி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், கொழுப்புக்கு மேலே கொழுப்பு போட்டு ஈரலுக்கு ஒரு நன்மையும் இல்லை. இந்த ஆவணி வெயிலில் கொட்டிலுக்குள் நிழலும், எந்த நேரமும் தொட்டியில் தண்ணியும் இருக்கவேண்டும். வெக்கையில் மாடு தீனைக் குறைக்கும்.

ஒட்டுசுட்டான் ஆடு | மூன்றாம் நாள், 6.40

இடையில் வருகிறேன். என் ஆடு ஒன்று வயிறு பெருத்து, குட்டி போட இரண்டு கிழமை இருக்கையில் தின்னாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, தடுமாறி நின்று செத்தது. வெட்டினால் உள்ளே மூன்று குட்டி. அதுவும் இதுதானா?

மாட்டுமருந்து | மூன்றாம் நாள், 7.10

அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆட்டில் ஈனுவதற்கு முதலே வரும், இரண்டு மூன்று குட்டி வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸையும் உறிஞ்சும். ஆட்டுக்குக் கடைசி ஆறு கிழமையும் பங்கு கூட்டவேண்டும், கொஞ்சத்துக்குள் நிறையச் சத்து இருக்கிற தீனாக. தின்னாமல் நின்ற முதல் நாளே கூப்பிடுங்கள், ஆடு மாடு மாதிரி நாள் தராது.

வட்டக்கச்சிக் கொட்டில் | ஏழாம் நாள், 5.45

5 நாளும் பருக்கினேன். முதல் நாள் துப்பினாள், கையெல்லாம் பிசுபிசுத்தது. நாலாம் நாள் விடிய வாளியைக் கண்டதும் எழும்பி நின்றாள், ஒரு சுண்டு தவிடு முழுதும் நக்கினாள். சாணம் இளகிவிட்டது. நேற்று மீற்றரில் 1.0. பால் 9 லீற்றர். உடம்புதான் அரைவாசி கரைந்துவிட்டது, இடுப்பெலும்பு தெரிகிறது.

இனி என் பயம் வெள்ளச்சி. அவள் ஈன இன்னும் 7 கிழமை இருக்கிறது, அவளும் அதே தவிட்டைத் தின்று அதே மாதிரிக் கொழுத்து நிற்கிறாள். இன்றையிலிருந்து தீனை முழுதும் நிறுத்தி மெலிய வைக்கட்டா?

மாட்டுமருந்து | ஏழாம் நாள், 6.30

செய்யாதீர்கள், தங்கச்சி. இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். இப்போது பட்டினி போட்டால் கொழுப்பு இன்றைக்கே கரைந்து ஈரலுக்குப் போகும், கன்று போடுவதற்கு முதலே நோய் தொடங்கிவிடும். மெலிய வைக்கிற காலம் பால் கறக்கிற கடைசி மாதங்கள், அது போய்விட்டது. இனி அவள் இப்போது இருக்கிற அளவிலேயே நிற்கட்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

தவிட்டை ஒரேயடியாக வெட்டாமல் ஒரு கிழமைக்குள் 1 கிலோவுக்கு இறக்குங்கள். வயிறு நிறைய வைக்கோலும் பச்சையும். கடைசி 3 கிழமையில் தவிட்டைத் திரும்ப மெல்ல ஏற்றி 2 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள், இரைப்பை பழகிக்கொள்ளும். அந்தக் கிழமைகளில் கொட்டில் மாற்றுவது, புது மாட்டோடு கட்டுவது எல்லாம் வேண்டாம், தீனைக் குறைக்கும். ஈன்ற மூன்றாம் நாளில் இருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை துண்டு வைத்துப் பாருங்கள், பத்து, பன்னிரண்டு நாள் வரை. கொழுத்த மாடு என்பதால் ஈன்றவுடனேயே கிளைக்கோல் தொடங்கலாமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், நான் என்றால் தொடங்குவேன்.

ஜேர்சிக் கலப்புக்குப் பால் காய்ச்சலும் வரும். ஈன்று 3 நாளுக்குள் காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் அது கல்சியக் குறைவு, அதற்கு ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

நெடுங்கேணிப் பட்டி | ஏழாம் நாள், 7.50

பிள்ளை, சிவப்பி எழும்பினது சந்தோஷம். என்னிடமும் இப்போது இரண்டு கலப்பு நிற்கிறது. நேற்றுப் போய் முதுகைத் தடவினேன், ஒன்றில் முள் தெரியவில்லை. டொக்டர் தம்பி, எந்த அளவு சரி என்று கையால் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

மாட்டுமருந்து | ஏழாம் நாள், 8.20

ஐயா, இடுப்பெலும்பு முனைக்கும் கடைசி விலாவுக்கும் நடுவில் முதுகின் விளிம்பில் கையை வையுங்கள். குறுக்கெலும்பு நுனிகள் லேசாக அழுத்தினால் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் சரி. அழுத்தாமலே குத்தினால் மெலிவு. பலமாக அழுத்தியும் பிடிபடவில்லை என்றால் கொழுப்பு. வால் அடியில் குழி இருக்கவேண்டும், அது நிரம்பி உருண்டிருக்கக் கூடாது. 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள், ஈனுகிற நேரம் 3க்கும் 3.5க்கும் இடையில் இருப்பது நல்லது. அதோடு சினைக்கு ஊசி போடுகிறதைப் பிந்த விடாதீர்கள். சிவப்பி கொழுத்ததற்கு முதல் காரணம் தவிடு இல்லை, 5 மாதம் சும்மா நின்றது. இரண்டு மாதம் வற்ற விட்டால் போதும்.

வட்டக்கச்சிக் கொட்டில் | ஐப்பசிக் கடைசி, இரவு 9.30

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். இரண்டு நாளாக நல்ல மழை. வெள்ளச்சி இன்றைக்கு விடிய 4 மணிக்கு நாகு கன்று போட்டாள். கொடி 4 மணித்தியாலத்தில் விழுந்தது, இவர் குடையோடு போய் ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார். காது சூடாக இருக்கிறது, எழும்பி நின்று அசைபோடுகிறாள். மத்தியானம் ஒரு சுண்டு தவிடும் ஒரு கட்டுப் புல்லும் தின்றாள். டொக்டர் சொன்னபடி கிளைக்கோல் முதல் 300 மில்லி பொழுதுபடக் கொடுத்தேன், மூக்கைக் கண் மட்டத்துக்கு மேலே விடவில்லை. சிவப்பி 11 லீற்றரில் நிற்கிறாள். சிறுநீர்த் துண்டு 10 வாங்கி வைத்திருக்கிறேன், வெள்ளச்சிக்கு முதல் துண்டு வியாழக்கிழமை விடிய.